ஐந்தாம் தீவில் பெய்த மழை

கவாசாகி
2018 செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

செப்டம்பர் பாதி போன பிறகும் இங்கே வெயில் இறங்கவில்லை. யொனாகோவில் எப்படி? உன் முழங்கால் வலி தேவலையா? நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி பத்திரமாக வந்தது. மிஹோகோ ஒரே நாளில் நான்கு தின்றாள். நாத்தனாரிடம் இரண்டு என்று சொல்லச் சொன்னாள்.

தொலைபேசியில் சொன்னால் "அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா, நம் பழைய வீடியோ விளையாட்டு "நிலாப் படகு" சினிமாவாக வருகிறது! அடுத்த ஆகஸ்டில்! ரயில் நிலையத்தில் சுவரொட்டியைப் பார்த்தேன். கடலில் விழுந்த நிலா, அதைத் தேடிப் போகும் ஒற்றைப் படகு. பார்த்துக்கொண்டே நின்றதில் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். லிஃப்ட் பழுது பார்க்கப் போக வேண்டிய இடத்தில் ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்!

நினைவிருக்கிறதா? எனக்குப் பதின்மூன்று வயது, புத்தாண்டு விடுமுறை. அந்த விளையாட்டைச் செய்த ஒசாகா கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலையை விட்டுவிட்டு நீ திரும்பி வந்தாய். பையிலிருந்து அந்த விளையாட்டுக் கேசட்டை எடுத்து என் மடியில் போட்டாய். அப்பா தொலைக்காட்சியில் தொடர் ஓட்டம் பார்க்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கேசட்டின் வாயில் ஊதி, விளையாட்டுப் பெட்டியில் செருகி... அந்த ஆண்டு யார் ஜெயித்தார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

எங்கள் பழைய விளையாட்டுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் தொந்தி. சனிக்கிழமை மதியம் ஒரு கறிச் சோற்றுக் கடையின் மாடியில் கூடுகிறோம். இதற்காகவே அங்கே பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். படம் அறிவித்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. பழைய இசையையே பெரிய வாத்தியக் குழுவை வைத்து வாசிக்கப் போகிறார்களாம்.

நீயும் பார்க்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
சோஹெய்

•

யொனாகோ
2018 அக்டோபர் 8

சோஹெய்க்கு,

இங்கே காலையில் குளிர் வந்துவிட்டது. மிஹோகோவும் நீயும் சுகம்தானே. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும் காலுக்கு அதைவிட நல்ல நிலை எதற்கு?

பேரிக்காய் நான்கு தின்றாள் என்றால் நான்கு என்றே சொல்லலாம். தின்னத்தானே அனுப்பினேன்.

சினிமாவெல்லாம் எனக்கு எதற்கு? இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. நீங்கள் போய்ப் பாருங்கள்.

பழைய இசையையே வாசிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். ஐந்தாம் தீவின் இசையும் உண்டா?

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். உனக்கு எப்போதும் தொண்டையில்தான் தொடங்கும்.

யசுயோ

•

கவாசாகி
2018 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னபடியே தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிந்தது. இப்போது நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஐந்தாம் தீவு உனக்கு எப்படி நினைவிருக்கிறது? நீ ஒரு நாளும் விளையாடியதில்லையே! பின்னால் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான். நான் அந்தத் தீவை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. விட்ட இடத்திலிருந்து தொடர ரகசியச் சொல்வரிசையைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைப்பேன். ஒரே ஓர் எழுத்தைத் தப்பாக எழுதி, மறுநாள் முதல் தீவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அழுத அழுகையில் அம்மா பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிடப் பார்த்தாள்.

அந்தத் தீவில்தான் மழை பெய்யும். அந்த இசையில் ஓரிடத்தில் ஒரு சுரம் கொஞ்சம் பிந்தி வரும். மூச்சு நின்று, பிறகு வருவதுபோல. முப்பது வருடமாக ரசிகர்களுக்குள் இதில் சண்டை. தவறு என்கிறது ஒரு கட்சி, துக்கம் என்கிறது மறு கட்சி. நான் துக்கக் கட்சி.

இனி சண்டை வேண்டாம். கேட்டே விடப் போகிறோம். இசையமைத்த இகராஷி அவர்கள் பிப்ரவரியில் எங்கள் கூட்டத்துக்கு விருந்தினராக வருகிறார்! எழுபது வயது. விளையாட்டின் முடிவில் "இசை: இகராஷி" என்று வருமே, அவரேதான். உன் கம்பெனிக்காரர், உனக்குத் தெரிந்திருக்குமே. எப்படிப்பட்ட மனிதர்?

விரைவில் எழுது. குளிரில் சைக்கிள் ஓட்டாதே.

சோஹெய்

•

யொனாகோ
2018 டிசம்பர் 23

சோஹெய்க்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆண்டுக் கடைசி, பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தேய்க்கும் வேலை. இங்கே பனி விழுந்துவிட்டது. அங்கே எல்லோரும் நலம்தானே.

அந்தச் சுரம் பற்றி நீங்கள் இத்தனை வருடமா சண்டை போட்டீர்கள்? அது தவறும் இல்லை, துக்கமும் இல்லை. அந்தப் பெட்டியால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். மழைத்துளியின் சத்தத்துக்கும் அந்தச் சுரத்துக்கும் ஒரே வழி. துளி விழுந்து முடிகிறவரை சுரம் வாசலில் நிற்க வேண்டும். அங்கே வேலை பார்த்தபோது காதில் விழுந்தது.

இகராஷி அமைதியானவர். தேநீரில் சர்க்கரை போடமாட்டார்.

கொழுக்கட்டை மாவும் உலர் நண்டும் அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டு நல்லபடியாகப் பிறக்கட்டும்.

யசுயோ

•

கவாசாகி
2019 பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் எப்படி இருக்கிறது? இங்கே பிளம் பூத்துவிட்டது. நண்டு அமிர்தம். இந்த முறை எத்தனை தின்றோம் என்று சொல்லப்போவதில்லை.

நேற்று இகராஷி அவர்கள் வந்தார். ஒல்லியான உடம்பு, பழைய கோட்டு, எல்லோருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணக்கம். கடைக்காரர் அவருடைய தட்டில் கறியைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார். ஆளாளுக்குக் கேசட்டில் கையெழுத்து வாங்கினோம். உனக்கும் ஓர் அட்டையில் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிறகு நான் எழுந்து அந்தச் சுரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க. அந்த இடம் வந்தா விரல் நின்னுடும். அதை அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

துக்கக் கட்சிக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான்தான் இருக்க மாட்டாமல், "அப்ப அந்த மழைத்துளி விஷயம் பொய்யா சார்? ரெண்டுக்கும் ஒரே வழிதான், துளி முடியறவரைக்கும் சுரம் காத்திருக்கணும்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

அக்கா, அவர் முகம் மாறிய விதம் எனக்குப் புரியவே இல்லை.

"யார் சொன்னது?"

"எங்கக்கா. உங்க கம்பெனில போன் எடுத்தாங்க. கதோவாக்கி யசுயோ. ஞாபகம் இருக்கா சார்?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இருக்கு" என்றார். "நல்லா இருக்காங்களா?" நல்லா இருக்காங்க, பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாங்க என்றேன். "சமைக்கிறாங்களா" என்று அவர் திரும்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். ரயில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது.

அவர் உன்னிடம் ஏதாவது தப்பாக நடந்துகொண்டாரா? மறைக்காமல் எழுது.

சோஹெய்

•

கவாசாகி
2019 மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் "ஒண்ணுமில்ல, அடுப்புல வேலை இருக்கு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் என்ன அடுப்பு?

இகராஷி அவர்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தேன். பதில் வந்தது, ஆனால் எனக்கில்லை. உள்ளே உன் பெயர் எழுதிய ஒட்டிய உறை. "உங்கள் அக்காவிடம் சேர்ப்பிக்கவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு. பிரிக்காமல் அனுப்புகிறேன். கை அரிக்கிறது என்பது வேறு விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

சோஹெய்

•

யொனாகோ
2019 ஏப்ரல் 14

சோஹெய்க்கு,

செர்ரிப் பூ உதிர்ந்து பள்ளி வாசலெல்லாம் கிடக்கிறது. புது வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

அவர் என்னிடம் நீ நினைக்கிற மாதிரி தப்பாக நடக்கவில்லை. இனி மறைத்தால் நீ இன்னும் மோசமாகக் கற்பனை செய்வாய். அதனால் சொல்கிறேன்.

அந்த ஒன்பது தீவுகளின் இசையையும் நான்தான் எழுதினேன்.

கம்பெனியின் மூலையில் ஒரு சின்ன மின்பியானோ இருந்தது. இசை எழுத ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வரவில்லை. மதிய உணவு நேரத்தில் நான் எதையோ வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சின்ன வயதில் கற்றுக்கொள்ளவைத்த அந்த ஏழு வருடப் படிப்புதான். இகராஷி சோற்றுப் பெட்டியோடு வந்து நின்றார். "இன்னொருக்கா வாசிம்மா" என்றார். அப்படித் தொடங்கியது. பதினோரு வாரம். நான் எழுதுவேன், அவர் அதை எண்களாக்கி இயந்திரத்துக்குள் ஏற்றுவார். சுரம் மழைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விடுங்க சார், காத்திருக்கட்டும். வந்ததுக்கப்புறம் அடுத்த சுரத்தை இனிப்பா வச்சுக்கலாம்" என்றேன். மாற்றி எழுதினேன்.

முடிந்ததும் முதலாளி, இசைக்கு ஒரு பெயர்தான் போட முடியும் என்றார். "போன் எடுக்கற பொண்ணு போட்ட பாட்டுன்னா கடைக்காரன் சிரிப்பான்" என்றார். இகராஷி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மறுவாரம் நான் வேலையை விட்டேன்.

ஊருக்கு வந்து அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ரயிலில் வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நாளை, நாளை என்று தள்ளியதில் மூன்று வாரம் போயிற்று, நீ ஐந்தாம் தீவுக்குப் போனாய். படகை ஓட்டாமல் கையிலிருந்த பொத்தான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். "ஏன்டா நிக்கறே?" என்று கேட்டேன். "இரு அக்கா, கேக்கறேன்" என்றாய். பிறகு, "இதைப் போட்டவரு ரொம்ப நல்லவரா இருக்கணும், இல்ல?" என்றாய்.

"ஆமா" என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? நான் வாயைத் திறந்தால் என் கோபமெல்லாம் உன் விளையாட்டின் மேல் கொட்டிவிடும். பள்ளிக்கு அதைச் சீட்டியடித்துக்கொண்டு போவாய். அது போதும் என்று தோன்றியது. பல வருடம் உண்மையாகவே போதுமாக இருந்தது.

நீ அனுப்பிய உறை அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மிஹோகோவைக் கேட்டதாகச் சொல்.

யசுயோ

•

கவாசாகி
2019 ஏப்ரல் 19

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை லிஃப்ட் அறைக்குள் நின்று படித்தேன். படித்துவிட்டு எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம்! ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வந்து, உன் எதிரில் உட்கார்ந்து, இகராஷி மேதை, இகராஷி மேதை என்று பேசியிருக்கிறேன். நீ ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

என் கேசட்டில் அவர் போட்ட கையெழுத்தைச் சாராயம் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. எங்கள் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். படக் கம்பெனிக்கு எழுதப் போகிறேன். அம்மா செத்த துக்கமாம்! பன்னிரண்டு தொந்திக்காரர்களை அழவைத்தாரே!

நீ சரி என்று ஒரு வார்த்தை சொல். நாளைக்கே செய்கிறேன்.

சோஹெய்

•

யொனாகோ
2019 மே 19

சோஹெய்க்கு,

இங்கே நடவு தொடங்கிவிட்டது. தவளைச் சத்தம் காதை அடைக்கிறது. நான் நலம். நீ கோபத்தில் சாப்பிடாமல் இருப்பாய், வயிறு கெடும்.

யாருக்கும் எழுதாதே. அந்தக் கோபம் என்னுடையது. கேட்காமல் எடுத்துக்கொள்ளாதே.

உறையைப் பிரித்தேன். அவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். நீயே படி:

"யசுயோ அவர்களுக்கு. நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். முதல் இரண்டு வருடம் வெட்கமாக இருந்தது. பிறகு வழக்கமாகிவிட்டது. பத்து வருடம் போனதும், நாமிருவரும் சேர்ந்து செய்தோம் என்று சொல்லிக்கொண்டேன். இருபது வருடத்தில் நானே செய்தேன் என்று நம்பினேன். அம்மாவின் கதையை எப்போது கண்டுபிடித்தேன் என்று எனக்கே தெரியாது. என் அம்மா தொண்ணூற்று மூன்று வயதுவரை இருந்தார். உங்கள் தம்பி மழைத்துளியைச் சொன்னபோது அந்த அறையும் பியானோவும் நீங்களும் திரும்ப வந்துவிட்டீர்கள். நீங்கள் அனுமதித்தால் படக் கம்பெனியிடம் நானே சொல்கிறேன். அனுமதிக்காவிட்டாலும், இனி அந்தக் கதையைச் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் ஏதாவது எழுதினீர்களா? இகராஷி."

படித்துவிட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டேன். இந்த வயதில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோற்றுப் பானையில் ஒட்டவா? அப்படித்தான் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை சோறு வாங்க வந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை முணுமுணுத்தாள். புதிய முன்னோட்டத்தில் ஐந்தாம் தீவு வருகிறதாம். எனக்குக் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவள் தப்பாகப் பாடினாள், சோஹெய். காத்திருக்காமல் நேராகப் போனாள். "இங்க நிக்கணும் கண்ணு" என்றேன். "இல்ல, படத்துல நிக்காது" என்றாள். சக சமையல்காரி ஓகாமோட்டோவின் கைபேசியில் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி. அறுபது வாத்தியம் சேர்ந்து அந்த இடத்தை இஸ்திரி போட்டிருக்கிறார்கள்! யாரோ அதைத் தவறென்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்கள்.

அன்று குழம்பில் உப்புக் கூடிவிட்டது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

இகராஷிக்கு எழுதிவிட்டேன். பெயரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த இடைவெளியைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள், அது இல்லாமல் அது என் பாட்டு இல்லை என்று.

சாப்பிடு.

யசுயோ

•

யொனாகோ
2019 ஜூன் 9

சோஹெய்க்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. தோக்கியோவில் நான் ஊர் ரயில் ஏறும்வரை நீ குடையோடு வந்து நின்றதற்கு நன்றி. சளி பிடிக்கவில்லையே?

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் உன்னை விடவில்லை அல்லவா, நடந்ததைக் கேள்.

விடுபட்ட பகுதிகளைப் பதிவு செய்ய அவர்களுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்ததுதான் என் அதிர்ஷ்டம். இகராஷி முன்பே போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். "மெலிஞ்சுட்டீங்க" என்றேன். "நீங்க அப்படியே இருக்கீங்க" என்றார். அதிலும் பொய்தான். மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்பாய். தெரியவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்ததால் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார்.

வாத்தியக் குழுவை நடத்துபவள் சின்னப் பெண். முப்பது வயதுகூட இராது. நான் சமையலறை ஆள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும் மேடம்? எண்ணிக்கை சொல்லுங்க."

"எண்ணக் கூடாது" என்றேன். "எண்ணினா எல்லாரும் சேர்ந்து வருவாங்க. வருமா வராதான்னு ஒரு சந்தேகம் இருக்கணும்."

ஆறு தடவை வாசித்தார்கள். ஆறு தடவையும் எண்ணினார்கள். முகத்தில் தெரிந்துவிடுகிறது. ஏழாவது தடவை அவள் கையைத் தூக்கியவள் கீழே இறக்க மறந்துவிட்டாள் போலிருந்தது. அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். பிறகு வந்தது.

நான் அழவில்லை. வெளியே வந்து தானியங்கிப் பெட்டியில் ஒரு பால் காபி வாங்கிக் குடித்தேன். எனக்குப் பால் காபி பிடிக்காது. எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று பார்க்கவில்லை.

மறுநாள் நானூறு பேருக்கு மீன் பொரித்தேன்.

யசுயோ

•

கவாசாகி
2019 ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கொளுத்தும் வெயில். தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா?

நேற்று முதல் நாள் முதல் காட்சி. பன்னிரண்டு பேரும் மிஹோகோவும் ஒரே வரிசை. போன மாதம் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னபோது எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். பிறகு கடைக்காரர், "அப்ப நாம அழுதது?" என்று கேட்டார். "அழுதது அழுததுதான், ஆளைத்தான் மாத்தணும்" என்றேன்.

படம் சுமார்தான் அக்கா. படகோட்டி தேவையில்லாமல் பேசுகிறான். ஆனால் ஐந்தாம் தீவு வந்தது. அந்த இடத்தில் இசை நின்றது, அரங்கம் முழுதும் காத்திருந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பையன் அப்பாவிடம் "கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். அதற்குள் வந்துவிட்டது.

கடைசியில் உன் பெயர் வந்தது. "இசை: கதோவாக்கி யசுயோ". அதற்கடுத்த வரியில் "இயந்திரத்தில் அமைத்தவர்: இகராஷி". அப்படிப் போடச் சொன்னது அவர்தானாம். கை தட்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மிஹோகோ தட்டிவிட்டாள்.

நீ பார்த்தாயா? உன் பெயரைப் பார்த்தபோது எப்படி இருந்தது? ஒன்றுவிடாமல் எழுது.

சோஹெய்

•

யொனாகோ
2019 ஆகஸ்ட் 6

சோஹெய்க்கு,

வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீர் குடிக்கிறேன். மிஹோகோவின் கை வலிக்கவில்லையே?

பள்ளி விடுமுறை என்பதால் சமையலறை ஆட்கள் ஐந்து பேரும் போனோம். நான் தூங்கவில்லை. படகோட்டி அதிகம் பேசுகிறான் என்பது உண்மை. ஐந்தாம் தீவைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நேரில் சொல்கிறேன்.

பெயரைப் பற்றிக் கேட்டாய். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தயாராக இருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஓகாமோட்டோ. உனக்குத் தெரியுமே, அவள் அகலம். திடீரென்று "ஐயோ, நம்ம யசுயோ அக்கா! பாருங்க, பாருங்க, நம்ம அக்கா!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். நீலப் பூப்போட்ட சட்டை. அவள் உட்காரும்போது திரையில் வாகன ஓட்டுநர்களின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஆத்திரமாக வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர். "பாத்தியா அக்கா, பாத்தியா?" என்றாள். "பாத்தேன்" என்றேன்.

முன்னோரைக் கும்பிடும் ஓபோனுக்கு நீங்கள் வரும்போது மறுபடி போவோம். முன்வரிசையில் சீட்டு எடு. ஓகாமோட்டோவிடம் சொல்லிவிடாதே.

யசுயோ